தோலுக்கடியில் கட்டி, கூடவே காய்ச்சல்: லிம்ஃபோமா நழுவிப்போகும் இடங்கள்

தொடை, கை, வயிற்றுப் பக்கம் என்று தோலுக்கடியில் கெட்டியாக முடிச்சுகள், வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல். இளம்பெண் என்றால் லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கும் நோய்) என்பார்கள், நம் ஊரில் காசநோய் மாத்திரையும் ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் அந்த யூகம் சரியாகவே இருக்கும், சிக்கலே அதுதான். அரிதாகச் சிலருக்கு அது டி-செல் என்ற எதிர்ப்பு அணுக்கள் பெருகிக் கொழுப்புத் திசுவில் வரும் ஒரு புற்றுநோய்: சப்கியூட்டேனியஸ் பன்னிகுலைட்டிஸ்-லைக் டி-செல் லிம்ஃபோமா. கொழுப்பின் அழற்சியைப் போலவே தெரியும் என்று பெயரே சொல்லிவிடுகிறது. 1991இல்தான் எட்டு நோயாளிகளை வைத்து இதை விவரித்தார்கள்.

நிறையப் பேர் சறுக்குவது ஸ்டீராய்டில். மாத்திரை போட்டதும் காய்ச்சல் நிற்கும், கட்டி அமுங்கும், உடனே 'மருந்து கேட்டுவிட்டது, அப்போ அழற்சிதான்' என்று முடிவுகட்டிவிடுகிறோம். லிம்ஃபோமா செல்களும் ஸ்டீராய்டுக்கு அடங்கும் சார்! அளவைக் குறைத்ததும் திரும்ப வரும், அதற்குள் மாதங்கள் போயிருக்கும். ஸ்டீராய்டுக்குப் பிறகு எடுக்கிற பயாப்சியும் (திசுச் சோதனை) பல நேரம் எதையும் காட்டாது, அதனால் முடிந்தவரை முதலில் பயாப்சி, அப்புறம் மாத்திரை.

அந்த பயாப்சியிலும் ஒரு கோளாறு உண்டு. நோய் இருப்பது தோலில் இல்லை, அதற்குக் கீழே. 'பஞ்ச்' என்கிற சின்னக் குழாய்க் கத்தியை வைத்துக் குத்தி எடுத்தால் தோல் நிறைய வரும், கொழுப்பு துளி வரும். கீறி ஆழமாக எடுக்க வேண்டும், அதுவும் புதிதாக எழும்பிய கட்டியில். பழைய கட்டியில் செத்த கொழுப்பும் தழும்பும்தான் மிஞ்சியிருக்கும்.

சரி, ரிப்போர்ட்டில் 'லோபுலர் பன்னிகுலைட்டிஸ்' (கொழுப்பு மடல்களில் அழற்சி) என்று வந்துவிட்டது. அது பார்த்ததைச் சொல்கிற வார்த்தை, நோயின் பெயர் இல்லை. கொழுப்பு செல்லைச் சுற்றி மாலை போட்டதுபோல் டி-செல்கள் நிற்கின்றனவா, செல்லின் வகையைக் காட்டும் புரதங்களில் அவை சிடி8 பாசிட்டிவா, சிடி4, சிடி56 நெகட்டிவா, அந்த மாலையில் கேஐ-67 (செல்கள் பெருகுவதைக் காட்டும் குறி) எகிறியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். லூபஸ் என்றால் பி-செல் கும்பல், பிளாஸ்மா செல்கள், கொத்துக் கொத்தாக சிடி123 செல்கள் தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கவும் செய்யும், ஆகவே ஏஎன்ஏ (லூபஸைத் தேடும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் என்பதற்காகத் தேடுவதை நிறுத்த முடியாது. டி-செல் குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) பரிசோதனையை மட்டும் நம்புவதும் ஆபத்து, லூபஸிலும் சில நேரம் குளோன் வரும்.

ரத்த அணுக்கள் இறங்குகின்றன, ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) ஆயிரக்கணக்கில், மண்ணீரல் வீக்கம் என்றால் அது எச்எல்எச்சாக இருக்கலாம், அதாவது எதிர்ப்பு செல்கள் கட்டுக்கடங்காமல் போய் உடலையே தாக்கும் நிலை. இதைத் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 2008இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் எச்எல்எச் இல்லாதவர்களில் 91 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தார்கள், இருந்தவர்களில் 46 சதவீதம்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது: லிம்ஃபோமா என்ற வார்த்தையைக் கேட்டதும் கடுமையான கீமோவில் இறங்குவது. டி-செல்லின் ஏற்பியை வைத்து இரண்டு வகை உண்டு: காமா-டெல்டா வகை தனி நோய், அது மூர்க்கமானது. ஆல்ஃபா-பீட்டா வகையில் பலருக்கு சைக்ளோஸ்போரினும் (எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) ஸ்டீராய்டுமே போதுமானதாக இருந்திருக்கிறது. ஏன் என்பதற்கு 2018இல் ஒரு விடை கிடைத்தது. நோயாளிகள் பலருக்கு எச்ஏவிசிஆர்2 மரபணுவில் பிறவியிலேயே கோளாறு, அதனால் டி-செல்லின் பிரேக் பிடிப்பதில்லை.

இன்னொரு கருத்து கேட்கப் போகிறவர்கள் ரிப்போர்ட் தாளோடு, பயாப்சித் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். தாளை வைத்து யாரும் சாயம் போட்டுப் பார்க்க முடியாது.