குழு விளையாட்டைப் பேச்சுப் பயிற்சியாக மாற்றுவது எப்படி?

நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசிவரை உயிரோடு நிற்கும் அணி வெல்லும் வகைக் கைப்பேசி விளையாட்டான பிஜிஎம்ஐ-யைப் (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) பிள்ளைகள் நால்வராகச் சேர்ந்து ஆடும்போது, அவர்கள் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருப்பதைப் பெற்றோர் அறிவர். அந்தப் பேச்சைக் கூச்சல் என்று ஒதுக்காமல், தெளிவாகச் சொல்லவும் திட்டமிடவும் உதவும் பயிற்சியாக மாற்ற விரும்பும் பெற்றோருக்கும், அக்கா அண்ணன்மாருக்கும் இங்கே சில வழிகள் கூறப்படுகின்றன.

முதல் வேலை, குறுக்கிடாமல் இரண்டு மூன்று ஆட்டங்களை அருகிலிருந்து கேட்பது. ‘நாக் ஆயிட்டேன்’ (அடிபட்டு வீழ்ந்துவிட்டேன்), ‘ரிவைவ் பண்ணு’ (என்னை எழுப்பிவிடு), ‘கவர் குடு’ (சுட்டு என்னைக் காத்துக்கொள்), ‘ரஷ் பண்ணாத’ (பாய்ந்து போகாதே) என்று சில பத்துச் சொற்களே திரும்பத் திரும்ப வரும். விளையாடினால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்வதை நான் நம்புவதில்லை. இந்தச் சொற்களை வைத்து ஒரு விண்ணப்பக் கடிதம்கூட எழுத முடியாது. பயன் இருப்பது வேறிடத்தில்: அவசரத்தில் எந்தத் தகவலை முதலில் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வில்தான்.

எதிரியைக் கண்டவுடன் ‘டேய், அங்கடா, அங்க!’ என்று கத்தும் பிள்ளையால் அணிக்குப் பயனில்லை. அவனுடைய ‘அங்க’ மற்ற மூவரின் திரையிலும் இல்லை. தேர்ந்த ஆட்டக்காரர் ‘240, மஞ்ச வீடு, மாடியில ரெண்டு பேர், ஒருத்தன் நாக்’ என்பார். 240 என்பது திரையின் மேற்பகுதியில் உள்ள திசைகாட்டியின் எண். வடக்கைச் சுழியமாகக் கொண்டு வலச்சுற்றாக எண்ணினால் கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 என வருவதால், 240 தென்மேற்கைச் சேர்ந்தது. ஆனால் அந்த எண் சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. தோழர் தொலைவில் நின்றால் அதே வீடு அவருக்கு வேறொரு எண்ணில் இருக்கும். அதனால்தான் எண்ணோடு ‘மஞ்ச வீடு’ என்ற அடையாளமும் சேர்கிறது. கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதை நினைவில் வைத்துப் பேசும் இந்தப் பழக்கம் பெரியவர்கள் பலரிடமே இல்லை. வீட்டுக்கு வழி கேட்கும் கூரியர்காரரிடம் ‘நேரா வந்து லெஃப்ட்’ என்று மட்டும் சொல்பவர்களை நினைத்துப் பார்க்கலாம்.

ஆட்டம் முடிந்ததும், நாளொன்றுக்கு ஒரே ஒரு தடவை, நடந்த ஒரு மோதலை முழு வாக்கியங்களில் சொல்லச் செய்யுங்கள். ‘தென்மேற்கில் இருந்த மஞ்சள் வீட்டின் மாடியில் இருவர் இருந்தனர், ஒருவரை வீழ்த்திய பிறகு மற்றவர் பின்பக்கமாக இறங்கிவிட்டார்’ என்ற அளவில் இருந்தால் போதும். அது இயல்பாக வந்தபின் அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லலாம். பிறகு களத்தை மாற்றுங்கள்: தெருமுனையில் விபத்து நடந்திருக்கிறது, 108-க்கு அழைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, இடம், அருகிலுள்ள அடையாளம், என்ன நடந்தது, எத்தனை பேருக்குக் காயம் என்ற வரிசையில் பேசிக் காட்டச் சொல்லுங்கள். விளையாட்டில் பழகிய ஒழுங்கு வெளியே தானாக வந்து சேராது. இப்படி யாராவது ஒருவர் பாலம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

திட்டமிடலுக்கும் அதே முறையில் கேள்வி கேட்கலாம். பையின் கொள்ளளவு குறைவு என்பதால், மருந்தையா தோட்டாவையா விட்டுவிட்டு வந்தாய், ஏன்? தீவில் பாதுகாப்பான பகுதியைக் குறிக்கும் வட்டம் சுருங்குவதற்கு எவ்வளவு நேரத்துக்கு முன் புறப்பட்டாய்? விடை சரியா என்று தீர்ப்புக் கூற வேண்டாம், காரணம் சொன்னால் போதும்.

ஆட்டத்தின்போது கட்டளையிடும் அணித்தலைவரை ‘ஐஜிஎல்’ (இன்-கேம் லீடர்) என்பார்கள். அந்தப் பொறுப்பு எப்போதும் உரக்கப் பேசுபவரிடமே தங்கிவிடும். ஆகவே சுற்றுமுறையில் மாற்றச் சொல்லுங்கள். அமைதியான பிள்ளை மூன்று பேருக்குக் கட்டளையிட்டு, அது தவறாகிப்போய், அதற்குப் பிறகும் அடுத்த ஆட்டத்தில் பேசத் துணிவது எளிய காரியமன்று. தோற்ற பிறகு ‘உன்னாலதான்’ என்று தொடங்காமல், ‘பாலத்தைக் கடக்கும்போது நாம் பிரிந்துவிட்டோம்’ என்று நிகழ்ச்சியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற ஒரே விதியை அணிக்குள் வைத்தால், சண்டைகள் கணிசமாகக் குறையும்.

குரல் வசதியை அணியினருக்கு மட்டும் என்று அமைத்துவிடுங்கள். முகமறியாதவர்களோடு சேர்ந்து ஆடினால் இந்தி கொஞ்சம் பழகும் என்பது உண்மையே; வசைச்சொற்கள் அதைவிட விரைவாகப் பழகும். பேசாமலும் அணியாக ஆட முடியும்: 2019-இல் வெளியான ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்னும் அணி விளையாட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் எதிரி, ஆயுதம், செல்லும் இடம் ஆகியவற்றைக் குறித்துக் காட்டும் ‘பிங்’ முறைக்காகவே பாராட்டப்பட்டது. இத்தகைய குறியீடுகள் இப்போது பல விளையாட்டுகளில் உள்ளன.

துப்பாக்கியே வேண்டாம் என்னும் வீடுகளுக்கும், சிறு பிள்ளைகளுக்கும், கட்டைகளை அடுக்கிக் கட்டும் விளையாட்டான மைன்கிராஃப்ட் ஏற்றது. கணினிக்கான அதன் ஜாவா பதிப்பில் மொழியைத் தமிழுக்கு மாற்றும் வசதி உண்டு. தன்னார்வலர்கள் செய்த மொழிபெயர்ப்பு என்பதால் சில சொற்கள் விசித்திரமாக இருக்கும், அவற்றைப் பற்றி வாதிடுவதே நல்ல பாடம். இருவர் சேர்ந்து ஒரு வீடு கட்டும் முன், யார் மரம் வெட்டுவது, யார் சுரங்கம் தோண்டுவது என்று தாளில் எழுதச் செய்யுங்கள்.

பிஜிஎம்ஐ 2021-இல் அறிமுகமானபோது, 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், 7,000 ரூபாய் செலவு என வரம்பு அறிவிக்கப்பட்டது. இரண்டுமே என் கணக்கில் மிக அதிகம். வீட்டு வரம்பைத் தனியாக வையுங்கள். அதை நிமிடங்களில் வைக்காமல் ஆட்டங்களில் வைப்பது நல்லது. பெரிய வரைபடத்தில் ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரை மணி நேரம் நீளும். நடுவில் கைப்பேசியைப் பிடுங்கினால் மற்ற மூவரும் ஒருவர் குறைந்து ஆட நேரும். ‘இரவு உணவுக்கு முன் இரண்டு ஆட்டம்’ என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால், எப்போது தொடங்கினால் உணவு நேரத்துக்குள் முடியும் என்ற கணக்கைப் பிள்ளையே போட்டுக்கொள்ளும்.