புதிய நாய்க்குட்டிக்குத் தூங்கும் கூண்டு: கதவை மூடுவது கடைசி வேலை

நாய்க்குட்டி வரப்போகிறது என்று முடிவானதும் பெல்ட், பொம்மை, கிண்ணம் எல்லாம் வாங்கிவிடுகிறோம். அது எங்கே தூங்கும் என்கிற யோசனை மட்டும் முதல் நாள் ராத்திரி, குட்டி சிணுங்க ஆரம்பித்த பிறகுதான் வருகிறது. ஒரு நாளில் 18 மணி நேரம், சில குட்டிகள் 20 மணி நேரம்கூடத் தூங்கும். அதனால் குட்டி வருவதற்கு ஒரு நாள் முன்பாவது கூண்டைத் தயார் செய்து வைத்துவிடுங்கள், வந்த பிறகு அதன் முன்னாலேயே கம்பியைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தத்திலேயே அது கூண்டை வெறுத்துவிடும்.

கூண்டு என்றாலே "பாவம், அடைச்சு வைக்கப்போறீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. ஸ்வீடன், பின்லாந்து மாதிரி நாடுகளில் வீட்டில் நாயைக் கூண்டில் பூட்டி வைப்பதற்குச் சட்டத்திலேயே கட்டுப்பாடு இருக்கிறது. இன்னொரு பக்கம், நாய்க்குக் குகை மாதிரி இடம் பிறவியிலேயே பிடிக்கும், உள்ளே விட்டு மூடினால் தானாகப் பழகிக்கொள்ளும் என்பவர்களும் உண்டு. அதை நம்பாதீர்கள். ஓநாய்கூடக் குட்டி போடும் காலத்தில்தான் வளையையோ குகையையோ தேடிப் போகிறது, குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும் அதை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறது. கூண்டுக்குள் நிம்மதியாகத் தூங்குவது நாம் பொறுமையாகப் பழக்க வேண்டிய ஒன்று. கதவு திறந்திருக்கும்போதே குட்டி தானாக உள்ளே போய்ப் படுக்கிறதா என்று பாருங்கள், அதற்கு முன்னால் கதவைச் சாத்த அவசரப்படாதீர்கள்.

முதலில் அளவு

குட்டி உள்ளே தலை இடிக்காமல் நிற்க வேண்டும், ஒரு முழுச் சுற்றுத் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் பக்கவாட்டில் படுக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை அளந்து அதோடு 5 முதல் 10 சென்டிமீட்டர் சேர்த்தால் நீளம். உயரத்துக்கு நிற்கும்போதும் உட்காரும்போதும் தலை உச்சி எவ்வளவு வருகிறது என்று பார்த்து, எது அதிகமோ அதோடு அதே அளவைச் சேருங்கள். காது நிமிர்ந்து நிற்கும் நாய் என்றால் காது நுனி வரை அளக்க வேண்டும்.

கூண்டுகள் பெரும்பாலும் 24, 30, 36, 42, 48 இஞ்ச் நீளத்தில் கிடைக்கின்றன. லேப்ரடார் வளர்ந்தால் 42 இஞ்ச் தேவைப்படும், பீகிளுக்கு 30 போதும். கலப்பினக் குட்டி என்றால் தாய் நாயின் உருவத்தைப் பாருங்கள், தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு கூண்டு வாங்குவது வீண் செலவு. வளர்ந்த நாயின் அளவுக்கே வாங்கி, நடுவில் தடுப்பு போட்டுச் சுருக்கிக்கொள்ளலாம். பல கம்பிக் கூண்டுகளில் தடுப்புச் சட்டம் கூடவே வரும். இடம் தாராளமாக இருக்கட்டுமே என்று தடுப்பு இல்லாமல் விட்டால் குட்டி ஒரு மூலையில் தூங்கும், எதிர் மூலையைக் கழிப்பறை ஆக்கிவிடும். படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்கிற உணர்வு குட்டிகளுக்குப் பொதுவாக உண்டு, அது வேலை செய்ய வேண்டுமென்றால் கூண்டு முழுவதும் படுக்கிற இடமாக இருக்க வேண்டும். தடுப்பு வராத கூண்டு என்றால் சிராய் இல்லாத பலகையைக் குறுக்கே நிறுத்திக் கட்டலாம், தலை நுழைகிற அளவுக்கு எங்கும் இடைவெளி விடாமல்.

எந்த வகை

கம்பிக் கூண்டு, பிளாஸ்டிக் கூண்டு, துணிக் கூண்டு என்று மூன்று உண்டு. குட்டிக்குத் துணிக் கூண்டு வேண்டவே வேண்டாம், பல் முளைக்கிற வயதில் ஜிப்பைக் கடித்துத் திறந்துவிடும், வலையையும் கிழித்துவிடும். பிளாஸ்டிக் கூண்டு உள்ளே இருட்டாக, அடக்கமாக இருக்கும், பயணத்துக்கும் சரி, ஆனால் சூடு தங்கும். முதல் தடவை நாய் வளர்ப்பவருக்குக் கம்பிக் கூண்டுதான் என் தேர்வு: காற்று வரும், மடக்கலாம், அடித்தட்டை இழுத்துக் கழுவலாம்.

மாட்டும்போது கவனிக்க

நான்கு பக்கமும் நிறுத்தி, கொக்கிகளை மாட்டிய பிறகு கையை உள்ளே விட்டு எல்லாக் கம்பி முனைகளையும் ஒரு தடவை தடவிப் பாருங்கள். எங்காவது கீறினால் அரத்தால் தேய்த்துவிடுங்கள். அப்புறம் அடித்தட்டு. தட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் குட்டியின் நகம் மாட்டும் அளவுக்கு இடைவெளி இருக்கக் கூடாது. முக்கியமாக, தட்டு கம்பிமேல் படிந்து உட்காராமல் ஆடினால் குட்டி உள்ளே கால் வைத்ததும் "தடதட" என்று சத்தம் வரும். பல குட்டிகள் கூண்டுக்குப் பயப்படுவது பூட்டுவார்களோ என்றெல்லாம் இல்லை, காலுக்குக் கீழே எழும் இந்தச் சத்தத்துக்குத்தான். தட்டுக்கு அடியில் பழைய ரப்பர் மேட்டையோ மடித்த துணியையோ வைத்தால் அடங்கிவிடும். கதவின் தாழ்ப்பாளையும் நாலைந்து தடவை போட்டு எடுத்து, கையில் பழகிக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் இருட்டில் திறக்க வேண்டியிருக்கும்.

எங்கே வைப்பது

பகலில் ஆட்கள் நடமாடும் இடத்தில், ஆனால் நடைபாதையை விட்டு ஓரமாக. ராத்திரியில் உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில். இதற்காகத்தான் மடக்கி நகர்த்தக்கூடிய கூண்டு வசதி. நேர் வெயில், ஏசி காற்று முகத்தில் அடிக்கும் இடம், ஹீட்டர் பக்கம் இதெல்லாம் கூடாது. சுற்றிலும் ஒரு கை தூரத்துக்கு என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சார்ஜர் ஒயரையும் திரைச்சீலையையும் கம்பி இடுக்கு வழியாக உள்ளே இழுத்துக் கடிப்பது குட்டிகளுக்குச் சர்வ சாதாரணம்.

மேலே ஒரு போர்வை போட்டு மூன்று பக்கத்தை மறைத்தால் பல குட்டிகள் சீக்கிரம் அடங்கும். முன்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். வெக்கையான நாளில் போர்வையே வேண்டாம், நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பக் மாதிரி மூக்குச் சப்பையான இனங்கள் இதில் இன்னும் திணறும்.

உள்ளே என்ன போடுவது

மெத்துமெத்தென்று பஞ்சு அடைத்த படுக்கையைப் பார்த்ததும் வாங்கத் தோன்றும். கொஞ்ச நாள் பொறுங்கள். குட்டி அதைக் கிழித்துப் பஞ்சை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை வரை போகலாம். ஆரம்பத்துக்கு நூல் பிரியாத பழைய டர்க்கி டவல் இரண்டு போதும், ஒன்று நனைந்தால் இன்னொன்று. அதையும் கடித்துத் தின்கிறது என்றால் சில நாள் வெறும் தட்டிலேயே படுக்கட்டும், ஒன்றும் ஆகிவிடாது.

குட்டியை எடுத்து வரும் இடத்தில் தாயோடும் உடன்பிறப்புகளோடும் கிடந்த துணித்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். அதைத் துவைக்காமல் அப்படியே உள்ளே போடுங்கள். உடன்பிறப்புகளின் சூட்டில் ஒட்டிக்கொண்டு தூங்கிய குட்டிக்கு முதல் சில ராத்திரிகளில் அந்த வாசனை பெரிய ஆறுதல்.

கடிக்க ஒரு கெட்டியான ரப்பர் பொம்மை, வாய்க்குள் முழுசாகப் போகாத அளவில். கயிற்றுப் பொம்மை, பீப்பீ வைத்த பொம்மை எல்லாம் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். பகலில் தண்ணீர் வேண்டுமென்றால் கம்பியில் மாட்டும் கிண்ணம் நல்லது, தரையில் வைத்ததைக் கவிழ்த்துப் படுக்கையை ஈரமாக்கிவிடும். சிறுநீர் உறிஞ்சும் விரிப்பைக் கூண்டுக்குள் போடாதீர்கள், இங்கேயே போகலாம் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: உள்ளே போகும்போது கழுத்துப் பட்டையையும், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸையும் கழற்றிவிட வேண்டும். பட்டையோ அதில் தொங்கும் பெயர்த் தகடோ கம்பியில் மாட்டிக்கொண்டு, குட்டி பதறி இழுத்தால் கழுத்து இறுகிவிடும்.

பழக்குவது

இங்கேதான் நேரம் பிடிக்கும். சில குட்டிகளுக்கு ஓரிரு நாள், சிலவற்றுக்கு வாரக்கணக்கு.

கதவைத் திறந்து, ஆடாமல் கயிற்றால் பின்னுக்குக் கட்டிவிடுங்கள். அதன் அன்றாடச் சாப்பாட்டிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு, ஒரு துண்டை வாசலில், அடுத்ததைக் கொஞ்சம் உள்ளே, அதற்கடுத்ததை இன்னும் உள்ளே என்று போடுங்கள். குட்டி முதலில் முன்னங்கால் இரண்டை மட்டும் உள்ளே வைக்கும். பின்னங்கால்கள் வெளியே தரையை இறுகப் பிடித்திருக்கும், உடம்பு ரப்பர் மாதிரி நீளும், எட்டிக் கவ்வியதும் பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்துதான் மெல்லும். விடுங்கள். பின்பக்கத்தைத் தள்ளி உள்ளே அனுப்பாதீர்கள், ஒரு தள்ளல் அத்தனையையும் கெடுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் நான்கு காலும் உள்ளே வரும், அப்புறம் உள்ளேயே நின்று மெல்லும். உள்ளே நிற்கும்போதே அடுத்த துண்டைக் கொடுங்கள்.

இது சாதாரணமாக நடக்க ஆரம்பித்ததும் சாப்பாட்டுக் கிண்ணத்தையே கூண்டின் கடைசியில் வையுங்கள். தலையைக் கிண்ணத்தில் விட்டுச் சாப்பிடும் நேரத்தில் கதவை மெதுவாகச் சாத்தி, சாப்பிட்டு முடிப்பதற்குள் திறந்துவிடுங்கள். அடுத்தடுத்த வேளைகளில் முடித்த பிறகு பத்து விநாடி, அப்புறம் அரை நிமிடம், அப்புறம் இரண்டு நிமிடம். பக்கத்திலேயே உட்கார்ந்து ஐந்து பத்து நிமிடம் தாங்குகிறது என்றால் அறையை விட்டு வெளியே போய்விட்டு உடனே திரும்புங்கள். நடுவில் அழுதால் நீங்கள் வேகமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், இரண்டு படி பின்னால் போய் அங்கிருந்து தொடருங்கள். விளையாடிக் களைத்து, ஒன்றுக்கும் போய்விட்டு, கண் சொருகும் நேரம் இதற்கெல்லாம் தோதானது.

முதல் ராத்திரி

பழக்கம் முழுசாக வருவதற்கு முன்பே முதல் ராத்திரி வந்துவிடும். அதற்கு என்ன செய்வது? கூண்டை உங்கள் தலைமாட்டில், கையைத் தொங்கவிட்டால் விரல் எட்டும் தூரத்தில் வையுங்கள். ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், விளக்கணைக்கும் முன் கடைசியாக ஒரு தடவை வெளியே கொண்டுபோங்கள்.

படுத்ததும் சிணுங்கினால் கையை நீட்டி முகரக் கொடுங்கள், மெல்லப் பேசுங்கள். "அழட்டும், அழுது அழுது ஓய்ந்துவிடும்" என்பது பழைய யோசனை, எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டு வாரக் குட்டி அன்றைக்குத்தான் தாயைப் பிரிந்திருக்கிறது, அதைப் பயத்தில் தனியாக விட்டால் அது கற்றுக்கொள்வது கூண்டு என்றால் பயம் என்பதைத்தான். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்து திடீரென்று எழுந்து அழுதால் அது பெரும்பாலும் சிறுநீர் முட்டுவதால். தூக்கிக்கொண்டுபோய் ஒரே இடத்தில் விட்டு, போனதும் பாராட்டி, விளையாட்டு இல்லாமல், பெரிய விளக்குப் போடாமல் திரும்பக் கொண்டுவந்து படுக்க வையுங்கள். அது அழும் நேரம் பிடிபட்டதும் அதற்குக் கொஞ்சம் முன்னால் அலாரம் வைத்து நீங்களே எழுப்பிக் கொண்டுபோகலாம்.

கம்பியைக் கடிப்பது, எச்சில் ஒழுகுவது, விடாமல் மோதுவது என்று இருந்தால் அது அடம் இல்லை, பீதி. கதவைத் திறந்துவிடுங்கள். சுற்றிலும் தடுப்பு வேலி போட்டு, அதற்குள் கூண்டைத் திறந்தபடி வைத்தால் பல குட்டிகள் அன்றைக்குத் தூங்கிவிடும். தொடர்ந்து இப்படியே என்றால் மருத்துவரிடமோ அனுபவமுள்ள பயிற்சியாளரிடமோ கேளுங்கள்.

எவ்வளவு நேரம் விடலாம்

வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று சேர்த்தால் வருவது, பகலில் சிறுநீரை அடக்க முடிகிற மணிக்கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. இது தோராயமான உச்ச வரம்பு, அதற்கு முன்பே எடுத்துவிடுவதுதான் நல்லது. தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் தாங்கும், நான்கு மாதம் நெருங்கும்போது ராத்திரி முழுக்க இருந்துவிடும் குட்டிகள் நிறைய. நாள் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் கூண்டை நம்பாமல் நடுவில் வந்து பார்க்க ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். தப்பு செய்தால் உள்ளே தள்ளுவது கூடவே கூடாது. குட்டி உள்ளே இருக்கும்போது வீட்டுக் குழந்தைகள் கையை விடவோ புகுந்து விளையாடவோ கூடாது என்றும் சொல்லிவையுங்கள்.

நனைத்துவிட்டால்

திட்டாதீர்கள், எதற்குத் திட்டுகிறீர்கள் என்று அதற்குப் புரியாது. துணியைத் துவைத்து, தட்டை என்சைம் கலந்த கிளீனரால் துடையுங்கள். அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் அதே இடத்துக்குத் திரும்ப இழுக்கும். அடிக்கடி நடந்தால் தடுப்பை நெருக்கி வையுங்கள், வெளியே கொண்டுபோகும் நேர இடைவெளியையும் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குட்டி வளர வளரத் தடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வாருங்கள். கண்டதைக் கடிக்கும் வயது தாண்டி, ராத்திரியில் நனைப்பதும் நின்ற பிறகு கதவைத் திறந்தே விட்டுவிடலாம். ஆனால் கூண்டை மடித்துப் பரணில் போட்டுவிடாதீர்கள். பயணத்திலோ, மருத்துவமனையில் ஒரு ராத்திரி தங்க வேண்டி வந்தாலோ, ஏற்கெனவே கூண்டில் தூங்கிப் பழகிய நாய் பதறாமல் படுத்துக்கொள்ளும்.