பம்பிள் தேனீயா, கொள்ளை ஈயா? லாஃப்ரியா ஃப்ளாவாவை அடையாளம் காண்பது எப்படி

ஸ்காட்லாந்தில் ஸ்பே, டீ ஆறுகளை ஒட்டிய பழைய பைன் காடுகளில், வெயில் படும் மரக்கட்டை மேல் மஞ்சள் ரோமத்தோடு ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். பார்த்தால், ரோமம் அடர்ந்த பெரிய தேனீ வகையான பம்பிள் தேனீ மாதிரிதான் இருக்கும். ஆனால் அது லாஃப்ரியா ஃப்ளாவா என்ற, மற்ற பூச்சிகளை வேட்டையாடும் கொள்ளை ஈயாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள்.

முதலில் இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள். பூக்களிடம் தேடாதீர்கள், இதற்குத் தேன் வேண்டாம். சாய்ந்து கிடக்கும் பட்ட பைன் மரங்களையும் வெட்டிய அடிக்கட்டைகளையும் பாருங்கள். மக்கும் கட்டைக்குள் இருக்கும் நீள்கொம்பு வண்டின் புழுக்களைத் தின்றுதான் இதன் புழு வளர்கிறது.

அடுத்து நடத்தை. தேனீ பூவுக்குப் பூ அலையும். இது ஓரிடத்தில் அசையாமல் காத்திருக்கும். வண்டோ ஈயோ பறந்து போனால் சட்டென்று எழும்பிப் பிடிக்கும். காலிடுக்கில் இரையோடு உட்கார்ந்திருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

மூன்றாவது முகம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். நேர் எதிரிலிருந்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்கள் இரண்டும் மேடாகத் துருத்த, நடுவே உச்சந்தலை பள்ளமாக இறங்கியிருக்கும். கீழே விறைப்பான மயிரில் அடர்ந்த தாடி. துள்ளும் இரையிடமிருந்து முகத்தைக் காப்பது அதுதான். தாடிக்கு அடியில் கறுத்த, கெட்டியான குத்தூசி. அதை இரையின் உடம்பில் இறக்கி எச்சிலைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சிவிடும். தேனீ வேஷம் போடும் மலர் ஈக்களும் உண்டு. அவற்றுக்கு இந்தப் பள்ளமும் இல்லை, குத்தூசியும் இல்லை.

உணர்கொம்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தேனீக்கு முழங்கைபோல மடங்கியிருக்கும், இதற்கு மடிப்பில்லாமல் முன்னே நீட்டியிருக்கும். இறக்கை ஒரே ஜோடி. தேனீக்கு இரண்டு ஜோடி என்றாலும் முன்னும் பின்னும் கோத்துக்கொள்வதால் எண்ணுவது சிரமம்.

கடைசியாக நிறம். ஃப்ளாவாவின் வயிற்றில் மார்போடு சேரும் பகுதி கறுப்பு, மீதியெல்லாம் பொன்மஞ்சள் ரோமம். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பார்த்தால் கூடுதல் கவனம் வேண்டும்: மார்பு மஞ்சள், வயிறு கறுப்பு என்றால் அது லாஃப்ரியா எபிப்பியம், வயிற்று நுனி வெளுத்திருந்தால் லாஃப்ரியா கிப்போசா.

கையால் பிடிக்க வேண்டாம், குத்தினால் வலிக்கும். கட்டையைப் புரட்டவும் வேண்டாம். உள்ளே புழு இருக்கலாம்.