பழைய வீட்டுத் துப்பாக்கியின் காலத்தைக் கண்டறிவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பங்கு பிரிக்கும்போது, இரண்டாம் கட்டு அறையின் தேக்குப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து நீளக்குழல் துப்பாக்கி ஒன்று வெளிப்படுவதுண்டு. உறவினர் வீட்டில் அவ்வாறு கிடைத்த ஒன்றை நான் வகைப்படுத்திய முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் படாத கருமருந்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வெடிக்கும். குழலை ஆட்களுக்கு எதிரே நீட்டாமல் வைத்து, மெல்லிய மரக்குச்சி ஒன்றை அதன் வாய்வழியே மெதுவாக விட்டு, நின்ற இடத்தில் விளிம்பையொட்டி அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேற்புறத்தில் அளந்து பாருங்கள். குச்சி பற்றுவாய் வரை எட்டாமல் இரண்டு விரற்கடை முன்னதாகவே நின்றால், மருந்தும் குண்டும் உள்ளேயே கிடக்கலாம். தோண்டி எடுக்க முயலாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். பற்றுவாய் என்பது தீ குழலுக்குள் நுழையும் சிறு துளை. திருமயம் கோட்டை உச்சிக்கு ஏறினால் பீரங்கியின் பின்பகுதியில் அதைப் பெரிய அளவில் காணலாம்.

அடுத்து, தீ எவ்வாறு மூட்டப்படுகிறது என்பதைப் பாருங்கள். எரியும் திரியைக் கவ்வும் வளைந்த கரம் இருந்தால் அது திரித்துப்பாக்கி. இந்தியாவில் இவ்வகை 19-ஆம் நூற்றாண்டிலும் புழங்கியதால், திரியை மட்டும் வைத்து மிகப் பழையது என்று முடிவுகட்ட இயலாது. குதிரையின் (விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் சுத்தியலின்) வாயில் சக்கிமுக்கிக் கல்லும், அது உரசுவதற்கு எஃகுத் தகடும், அதன் கீழே மருந்துக் கிண்ணமும் இருந்தால் கல் துப்பாக்கி. கிண்ணத்துக்குப் பதிலாகத் துளையுள்ள சிறு முளை மட்டும் நின்றால், அதன்மேல் செப்புக் கேப்பு (அடிபட்டதும் தீப்பொறி தரும் மருந்து வைத்த சிறு மூடி) வைத்து அடிக்கும் வகை. 1807-இல் அலெக்சாண்டர் ஃபோர்சைத் பெற்ற காப்புரிமையிலிருந்து வளர்ந்தது இது. குழல் கீலில் மடிந்து பின்புறமாகத் தோட்டா ஏற்கும் இரட்டைக்குழல் இவற்றுக்கெல்லாம் பிந்தியது.

பலரும் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். எனக்கும் இங்கேதான் அதிக நேரம் பிடித்தது. கேப்பு வந்தபின் பழைய கல் துப்பாக்கிகளை எறிந்துவிடாமல், கிண்ணத்தையும் எஃகுத் தகட்டையும் கழற்றிவிட்டு முளையைப் பொருத்திக்கொண்டார்கள். ஆகவே முளையைக் கண்டவுடன் முடிவுக்கு வராமல், குதிரை பொருந்திய பக்கத்தகட்டின் முன்பாதியில் அடைக்கப்பட்ட திருகுத் துளைகள் உள்ளனவா என்று தேடுங்கள். கைப்பேசி வெளிச்சம் நேராக விழுந்து எண்ணெய்ப் பளபளப்பில் எல்லாவற்றையும் மறைத்துவிடும். சிறிய டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்சால் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். அடைத்த துளை மங்கிய வட்டமாகத் தெரியும்.

துளை அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டைகள் செய்தால், அவற்றில் ஒன்று பொருந்தும் குழலே 12 எண் குழல்; அதன் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். உட்புறம் வழவழப்பாக இருந்தால் மஸ்கெட் அல்லது ரவைத் துப்பாக்கி, முறுக்குக் காடிகள் ஓடினால் ரைஃபிள்.

முத்திரைகளைக் கடைசியில் பாருங்கள். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு இறுகி, பக்கத்தகட்டில் ஏடுபோல் படிந்திருக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, உப்புத்தாளும் ஆகாது. தையல் இயந்திர எண்ணெயில் நனைத்த பருத்தித் துணியே போதும். இதய வடிவத்துக்குள் எழுத்துகள் இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய குறி, எழுந்து நிற்கும் சிங்கம் இருந்தால் அதற்குப் பிந்தியது. கிரீடமும் 'டவர்' என்ற சொல்லும் மட்டும் இருந்தால் நான் நம்பமாட்டேன், ஏனெனில் அலங்காரத்துக்காகச் செய்யப்படும் போலிகளில் முதலில் வெட்டப்படுவது அதுதான். அவற்றில் பலவற்றுக்குப் பற்றுவாய்த் துளையே இருக்காது.

பின்சேர்க்கை: 'பழையதுதானே, உரிமம் எதற்கு?' என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவில் தரும் விலக்கு, பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு மட்டுமே உரியது. சுடக்கூடிய நிலையிலுள்ள கேப்புத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். நூறு ஆண்டு கடந்ததாயின் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் பொருந்தும் என்பதால், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உள்ள பங்காளிக்கு அதை அனுப்பிவைக்கவும் இயலாது.