முடிவு தெரிந்த கதைக்கு முன்கதை: வீட்டிலேயே ஒலி நாடகம் செய்யும் முறை

பழைய அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு ஒலி நாடகமாக முன்கதை செய்ய விரும்புவோர், கேட்பவருக்கு முடிவு ஏற்கெனவே தெரியும் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இது குறையன்று. துக்க வீட்டில் கர்ண மோட்சம் கூத்து நடக்கும்போது, கர்ணன் பிழைத்துவிடுவான் என்று நம்பி யாரும் விடிய விடிய உட்கார்ந்திருப்பதில்லை. போர்க்களம் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் அவன் என்ன பேசுவான் என்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுதத் தொடங்குமுன் நல்ல முன்மாதிரி ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். டாக்டர் என்னும் காலப்பயணியை நாயகனாகக் கொண்ட பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடரில், 1966 அக்டோபரில் நான்கு பகுதிகளாக ஒளிபரப்பான ‘தி டென்த் பிளானட்’ கதையில்தான் சைபர்மேன்கள் முதன்முதலில் தோன்றினார்கள். கிட் பெட்லரும் ஜெரி டேவிஸும் எழுதிய அக்கதையில் அவர்கள் பூமியின் இரட்டைக் கோளான மோண்டாஸிலிருந்து வருகிறார்கள். உடலுறுப்புகளை ஒவ்வொன்றாக எந்திரமாக மாற்றிக்கொண்டு, கடைசியில் உணர்ச்சியையும் அகற்றிவிட்டவர்கள். அந்நிலைக்கு அவர்கள் எவ்வாறு வந்தார்கள் என்பதைத் தொலைக்காட்சி ஓரிரு வசனங்களில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டது. 2002இல் பிக் ஃபினிஷ் என்னும் ஒலி நாடக நிறுவனம் வெளியிட்ட, மார்க் பிளாட் எழுதிய ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ அந்த ஓரிரு வசனங்களுக்குள் நுழைந்து முழு நாடகமாக விரிகிறது.

அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கோள் ஒன்றின் வீழ்ச்சியை அது ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. நிலத்தடி நகரத்தில் வாழும் ஹார்ட்லி குடும்பத்தின் மகள் இவோன் ஆள்சேர்ப்பில் அழைத்துச் செல்லப்பட்டு, பாதி மாற்றப்பட்ட நிலையில் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறாள்; அந்தக் காட்சிக்குப் பிறகு எந்தப் படையெடுப்பும் தேவையில்லை. இரண்டாவது, முடிவை அறிந்த ஒருவரைக் கதைக்குள்ளேயே வைக்கிறது. பீட்டர் டேவிசன் நடித்த டாக்டருக்கு இம்மக்கள் என்ன ஆவார்கள் என்று தெரியும். 1982இல் வந்த தொலைக்காட்சிக் கதையொன்றில் சைபர்மேன்களோடான மோதலில் இறந்துபோன பழைய பயணத்தோழன் ஏட்ரிக்கின் நினைவு, டாக்டருடன் வரும் நிஸ்ஸாவை விடாமல் துரத்துகிறது. ஆகவே கேட்பவரின் பதைப்பு கதைமாந்தரின் பதைப்பாகவே ஆகிவிடுகிறது.

உங்கள் கதைக்கும் இதே வழியில் ஒரு தாளில் இரண்டே பட்டியல் போடுங்கள்: மூலக்கதை மாற்றமுடியாதபடி சொல்லிவிட்டவை ஒரு பக்கம், அது சொல்லாமல் விட்டவை மறுபக்கம். நாடகம் இரண்டாவது பட்டியலில் இருந்துதான் பிறக்க வேண்டும். உரிமை பற்றியும் ஒரு சொல்: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி தழுவல் உரிமை மூலப் படைப்பின் உரிமையாளருக்கே உரியது. வீட்டுப் பயிற்சிக்குச் சைபர்மேன்களை வைத்து எழுதிப் பார்க்கலாம். வெளியிடுவதானால் கோளும் பெயரும் உங்களுடையவையாக இருக்கட்டும். அப்படி மாற்றியபோது எங்கள் நாடகம் தேறியது என்பதே என் அனுபவம்.

குரலில்தான் தமிழுக்கே உரிய சிக்கல் வருகிறது. 1966இன் சைபர்மேன் குரல், அழுத்தம் தவறான அசையில் விழும் பாட்டுப் போன்ற பேச்சு. அதன் அச்சமூட்டும் தன்மையில் பெரும்பங்கு பேசும் முறையிலேயே இருக்கிறது. இதைத் தமிழில் செய்ய முயன்ற எங்கள் நடிகர் முதலில் குறிலை நீட்டினார். ‘கல்’ என்பது ‘கால்’ ஆகி, ‘கலம்’ என்பது ‘காலம்’ ஆகி, வசனம் வேறு கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டது. நீளத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் மாற்றுங்கள்: வினைமுற்றின் கடைசி அசையை மேலே தூக்கி, அடுத்த சொல்லை ஒரே மட்டத்தில் இறக்குங்கள். ‘அம்மா’, ‘சாப்பிட்டாயா’ போன்ற அன்றாடச் சொற்களை இந்தச் சுருதியில் சொல்ல வைத்தால், கணினி விளைவு எதுவும் சேர்க்காமலேயே கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஒலிகளுக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. காயலான் கடைத் தகரம், கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் மோதும் ஓசை, அடி பம்பின் முனகல், காசிமேட்டில் ஐஸ் கட்டி உடைபடும் சத்தம் ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிந்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். பாதாள நகரத்தின் கதவும் எந்திரமும் கிடைத்துவிடும். ஆனால் அதே ஊர்தான் பதிவைக் கெடுக்கவும் செய்யும். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் பதிந்த முதல் இரவு, இவோனைப் போலத் திரும்பி வரும் மகளின் காட்சியில், துறைமுகத்துக் கப்பல் சங்கு சரியாகத் தந்தையின் அழுகைமேல் விழுந்தது. இரவு ஒரு மணிக்கு மேல், கன்டெய்னர் லாரிகள் குறையும் இடைவெளியில் பதிவதே நல்லது. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும் என்பதால், மே மாதத்தை விட்டுவிட்டு மார்கழியைத் தேர்ந்தெடுங்கள். கோயில் ஒலிபெருக்கி தொடங்குமுன் முடித்துவிட வேண்டும், அவ்வளவே.

சன்னலுக்கு மெத்தையும் எதிர்ச்சுவருக்குக் கெட்டிப் போர்வையும் போதும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் நின்று பேசினால் ‘ப’கரம் வெடிக்காது. தூரத்தில் நிற்கும் பாத்திரத்துக்கு ஒலியளவைக் குறைக்காதீர்கள். நடிகரே பின்வாங்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும், அறை மற்றதைச் செய்யும். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிந்து, உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத அரை நிமிட அமைதியையும் பதிந்து வையுங்கள். வெட்டிய வசனங்களுக்கு நடுவே அதை நிரப்பாவிட்டால் காட்சி ஓட்டை ஓட்டையாகக் கேட்கும்.

கடைசியாக, தொகுத்த நாடகத்தை மூலத்தொடரைப் பார்த்த ஒருவருக்கும், அதைக் கேள்விப்பட்டே இராத ஒருவருக்கும் போட்டுக் காட்டுங்கள். முதலாமவர் தானாகவே மௌனமாகும் இடத்தில் கை வைக்காதீர்கள். இரண்டாமவர் ‘யாரும்மா இப்போ பேசறது?’ என்று கேட்கும் இடத்தின் நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொண்டு, அங்கே பெயர் சொல்லி விளிக்கும் ஒரு வசனத்தைச் சேர்த்து, மறுபடியும் மெத்தையைச் சன்னலுக்குத் தூக்குங்கள்.