வேகமான கார் வாங்கப் போகிறீர்களா? ஆன்ரோடு தாளை வரிவரியாகப் பேசுங்கள்

ஓட்டுகிற சுகத்துக்காகவே கார் வாங்குகிறவர் உள்ளே வந்தால் ஷோரூமில் எல்லோருக்கும் கொண்டாட்டம்தான். அவர் மைலேஜ் கேட்க மாட்டார், பூட்டில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்று கேட்க மாட்டார், டெஸ்ட் டிரைவில் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டு இறங்கும்போதே வாங்கப் போகிறார் என்பது முகத்தில் தெரிந்துவிடும். அப்புறம் எங்கே பேரம் பேசுவது? ஆகவே ஆசையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லப் போவதில்லை, அது நடக்காத காரியம். ஆன்ரோடு தாளில், அதாவது கார் ரோட்டில் இறங்கும் வரை ஆகும் எல்லாச் செலவும் எழுதிய விலைத் தாளில், பணம் எந்த வரியில் போகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள், அது போதும்.

நான் சொல்வது தமிழ்நாட்டில் புதுக் கார் வாங்கி இங்கேயே பதிவு செய்கிறவர்களுக்கு. 10 லட்சத்தை ஒட்டி ஐ20 என் லைன், அதற்கு மேலே 150 பிஎஸ் (குதிரைத்திறன்) தரும் விர்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5, 160 பிஎஸ் தரும் வெர்னா டர்போ, கிரெட்டா என் லைன், இன்னும் மேலே போனால் கோல்ஃப் ஜிடிஐ, செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியிலேயே அசெம்பிள் செய்யப்படும் பிஎம்டபிள்யூ எம்340ஐ. எந்தக் காராக இருந்தாலும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: காருக்காக ஆள் காத்திருக்கிறாரா, ஆளுக்காகக் கார் காத்திருக்கிறதா?

கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாதம் 53 லட்சம் எக்ஸ் ஷோரூம் விலையில் (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராமல்) வந்தது. முதல் தொகுப்பாக வந்த 150 கார்கள், விலை அறிவிக்கும் முன்பே புக் ஆகிவிட்டன. அதே ஆண்டு அக்டோபரில் 49.99 லட்சத்துக்கு வந்த ஆக்டேவியா ஆர்எஸ் 100 கார்களுக்கும் அதே கதை. இங்கெல்லாம் போய்த் தள்ளுபடி கேட்டால் காபி மட்டும்தான் கிடைக்கும். ஆனால் ஜிடிஐ என்ற எழுத்து இருந்தாலே வரிசை நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2016 நவம்பரில் ஏறக்குறைய 26 லட்சத்துக்கு வந்த போலோ ஜிடிஐ விற்காமல் நின்று, அடுத்த ஆண்டே 20 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. அவசரப்பட்டு முதலில் எடுத்தவர்கள் எவ்வளவு நொந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைத் தெரிந்துகொள்ள ஷோரூமுக்குப் போகவே வேண்டாம், போன் போதும். வேரியன்ட், நிறம் இரண்டையும் சொல்லி எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேளுங்கள். "நாளைக்கே எடுக்கலாம் சார்" என்றால் கார் யார்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது, பேரத்துக்கு இடம் இருக்கிறது. மூன்று மாதம் என்றால் கார் விலை அசையாது, தாளின் மற்ற வரிகளில்தான் பேச வேண்டும். குறைந்தது மூன்று ஷோரூமில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒன்றைக் கவனிக்கவும்: அண்ணா சாலையிலும் ஓஎம்ஆரிலும் வேறு வேறு என்று நினைத்துப் போகும் இரண்டு ஷோரூமும் ஒரே முதலாளியுடையதாக இருக்கலாம், அப்போது அந்த இரண்டு விலையும் ஒரே விலைதான். சென்னைக்காரர் கோவையிலோ மதுரையிலோ கேட்டுப் பார்ப்பது வீண் வேலை இல்லை, அங்கே வாங்கினாலும் உங்கள் ஊர் ஆர்டிஓவில் பதியலாம்.

டெஸ்ட் டிரைவ்

ஷோரூம்காரர் காட்டும் வழி எப்போதும் காலியான நேர் ரோடாகத்தான் இருக்கும். அதில் எல்லாக் காரும் பறக்கும். நீங்கள் கேட்க வேண்டியது நெரிசல். சாயங்காலம் ஆறு மணிக்கு கிண்டியிலிருந்து தாம்பரம் வரை ஜிஎஸ்டி ரோட்டில் ஊர்ந்து பாருங்கள், விர்டஸ், ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ காரில் வரும் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே எப்படித் தவிக்கிறது, உங்களுக்கு அது ஒத்துவருமா என்று அங்கேதான் தெரியும். வீட்டில் இருப்பவர்களையும் ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்குங்கள். தனியாக ஓட்டும்போது இடிக்காத கார் நான்கு பேர் உட்கார்ந்ததும் அடிவயிற்றைத் தேய்க்கும். பெரிய ரிம் இருந்தால் ஒரு டயர் என்ன விலை, ஊரில் கிடைக்கிறதா என்று டயர் கடையில் கேளுங்கள், ஷோரூமில் கேட்காதீர்கள். வாங்கப் போகும் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ் உள்ள காரைத்தான் ஓட்ட வேண்டும், "இதே மாதிரிதான் சார் இருக்கும்" என்பதெல்லாம் வேண்டாம்.

ஆன்ரோடு தாள்

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் பார்ப்போம். ஒரு பக்கத் தாளில் எக்ஸ் ஷோரூம், லைஃப் டாக்ஸ் (ஒரே தடவை கட்டும் சாலை வரி), பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரன்டி, ஆக்சஸரீஸ், ஹேண்ட்லிங், ஃபாஸ்டேக், டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று வரிசையாக எழுதி அடியில் ஒரு பெரிய எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த அடி எண்ணைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். "மொத்தத்துல எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டால் மேலே ஒரு வரியில் ஏற்றி இன்னொரு வரியில் இறக்கிக் காட்ட அவர்களுக்கு ரொம்ப எளிது.

எக்ஸ் ஷோரூம் விலை கம்பெனி வைப்பது. அதில் 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் உள்ள சிறிய பெட்ரோல் கார்களுக்கு (1200 சிசி வரை) ஜிஎஸ்டி 18%, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40%, முன்பு போல் செஸ் என்ற கூடுதல் வரி தனியாக இல்லை. லைஃப் டாக்ஸ் அரசுடையது, அதிலும் பேரம் கிடையாது. ஆனால் கணக்குப் பார்க்க இடம் இருக்கிறது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. 9.9 லட்சம் காருக்கு வரி 1,28,700 ரூபாய். டூயல் டோன் பெயின்ட்டோ ஏதோ ஒன்றோ சேர்ந்து விலை 10.1 லட்சம் ஆனால் வரி 1,81,800. காரில் 20,000 கூடியதற்கு வரியில் மட்டும் 53,000 கூடுகிறது, அத்துடன் 10 லட்சத்தைத் தாண்டியதால் 1% டிசிஎஸ் வேறு. 20 லட்சத்தை ஒட்டியும் இதே கூத்து, 19.9-லிருந்து 20.1-க்குப் போனால் வரி ஏறக்குறைய 44,000 ஏறும். வேரியன்ட் தேர்ந்தெடுக்கும்போதே இந்த இரண்டு கோடுகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 53 லட்சம் ஜிடிஐக்கு லைஃப் டாக்ஸ் மட்டும் 10.6 லட்சம், அதாவது ஒரு ஐ20 என் லைன். உடனே "பாண்டிச்சேரியில் பதிவு போட்டுடலாம் சார், வரி கம்மி" என்று யாராவது காதைக் கடிப்பார்கள். அங்கே நிஜமாகவே குடியிருந்தால் சரி. இங்கே ஓட்டிக்கொண்டு அங்கே வாடகை முகவரி காட்டுவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. ஒரு மாநிலப் பதிவுள்ள வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்.

இன்சூரன்ஸ் வரியில்தான் ஷோரூம் நன்றாகச் சம்பாதிக்கிறது, நீங்கள் நன்றாக மிச்சம் பிடிப்பதும் அங்கேதான். புதுக் காருக்கு மூன்று ஆண்டு தேர்ட் பார்ட்டி (பிறருக்கு நேரும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) கட்டாயம். அதன் கட்டணம் அரசு நிர்ணயித்தது, 2022-ல் அறிவித்த விகிதப்படி மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 1000 முதல் 1500 சிசி வரை 10,640 ரூபாய், 1500-க்கு மேல் 24,596. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அதுவேதான். வித்தியாசம் எல்லாம் ஓன் டேமேஜ் (உங்கள் காரின் சேதத்துக்கான) பகுதியில். ஷோரூம் கொடுத்த ஐடிவி (இன்சூரன்ஸுக்காகக் காருக்குப் போடும் மதிப்பு), ஜீரோ டெப், இன்ஜின் ப்ரொடெக்ட், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற ஆட்-ஆன்கள் (கூடுதல் காப்புகள்) எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டு அதே கம்பெனியின் தளத்திலேயே போட்டுப் பாருங்கள், பல நேரம் ஷோரூம் விலை கூடுதலாகத்தான் இருக்கும். இன்சூரன்ஸ் எங்கே வாங்குவது என்பது உங்கள் விருப்பம், எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பார்கள், அதாவது ரிப்பேர் காசை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும் என்று. அந்த சர்வீஸ் சென்டர் இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. பழைய காரில் க்ளெய்ம் வாங்காமல் ஓட்டியிருந்தால் என்சிபி (க்ளெய்ம் வாங்காததற்கான தள்ளுபடி) 50% வரை புதுக் காருக்கு மாற்றலாம், இதை ஷோரூமில் தாங்களாகச் சொல்வது அபூர்வம். இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரண பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது, எத்தனை ஆட்-ஆன் போட்டாலும் அங்கே இடித்தால் உங்கள் காசுதான்.

அடுத்து ஹேண்ட்லிங் சார்ஜ். சில இடத்தில் லாஜிஸ்டிக்ஸ், சில இடத்தில் டிப்போ, பெயர் மாறும், ஆள் ஒன்றுதான். காரை ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது.

"எல்லாருக்கும் போடுறதுதான் சார்."

"சரி தம்பி, எதுக்கு வாங்குறீங்கன்னு எழுதி, சீல் வச்சுக் குடுங்க."

அவர் கண்ணாடி அறைக்குள் போய் மேனேஜரிடம் பேசுவது வெளியிலிருந்தே தெரியும். திரும்பி வரும்போது பெரும்பாலும் அந்த வரி அடிக்கப்பட்டிருக்கும், கோபப்படவோ குரலை உயர்த்தவோ தேவையே இல்லை. ஆக்சஸரீஸ் பேக்கேஜ், செராமிக் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங் எல்லாம் வேண்டுமானால் வெளியில் செய்துகொள்ளலாம். எக்ஸ்டெண்டட் வாரன்டி மட்டும் டர்போ, டூயல் கிளட்ச் காருக்கு நான் கட்டாயம் எடுக்கச் சொல்வேன், ஆனால் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும், டீலர் தானாக அடித்துக் கொடுக்கும் தாள் வேண்டாம். இன்ஜினை ரீமேப் செய்யும் (சக்தி கூட்ட அதன் சாஃப்ட்வேரை மாற்றும்) ஆசை இருந்தால் அந்தக் காசையும் மிச்சம் பிடியுங்கள், ரீமேப் செய்த காரில் இன்ஜின் க்ளெய்ம் என்று போய் நின்றால் கையை விரித்துவிடுவார்கள்.

எப்போது போவது

ஆடியில் புதுக் கார் எடுக்க நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் தயங்குவார்கள். ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், மாத டார்கெட் மட்டும் வழக்கம்போல் தலைக்கு மேல் தொங்கும். உங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லையென்றால் ஆடிக்கு நடுவே வரும் ஜூலைக் கடைசி வாரத்தைவிட நல்ல நேரம் இல்லை. மார்கழியும் அப்படித்தான், அதில் கூடுதல் சௌகரியம், ஆண்டுக் கடைசி ஸ்டாக்கைத் தள்ளும் அவசரமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் டிசம்பரில் தயாரான காரை ஜனவரியில் பதிந்தாலும் ஆர்சியில் தயாரிப்பு ஆண்டு பழசாகத்தான் இருக்கும், விற்கும்போது ஒரு வயது கூடும். தள்ளுபடி அதை ஈடுகட்டுகிறதா என்று பாருங்கள். ஐந்து ஆறு ஆண்டில் விற்கிற ஆள் என்றால் யோசிக்க வேண்டும், பத்து ஆண்டு ஓட்டுவேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையா, விலையை மார்கழியில் எழுதி வாங்கிக்கொண்டு தை பிறந்ததும் வண்டியை எடுங்கள். ஆனால் புக்கிங் படிவத்தின் பொடி எழுத்தில் "டெலிவரி நாளன்று உள்ள விலையே செல்லும்" என்று இருக்கும், ஜனவரியில் கம்பெனிகள் விலை ஏற்றுவதும் வழக்கம், ஆகவே யார் அந்த ஏற்றத்தைச் சுமப்பது என்று மேனேஜர் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள்.

பேசும் வரிசையும் முக்கியம். முதலில் கார் விலை, அது முடிந்தபின் இன்சூரன்ஸ், அதன்பின் லோன், கடைசியில்தான் பழைய கார். நான்கையும் ஒரே நேரத்தில் மேஜையில் போட்டால் பழைய காருக்கு 30,000 கூடக் கொடுத்ததுபோல் காட்டிப் புதுக் காரில் எடுத்துவிடுவார்கள். லோனுக்கு உங்கள் வங்கியில் முன்கூட்டியே ஒப்புதல் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஷோரூம் வட்டி அதைவிடக் குறைவாக இருந்தால் சந்தோஷமாக எடுக்கலாம். இஎம்ஐ எவ்வளவு கட்ட முடியும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். கார்ப்பரேட் டிஸ்கவுன்ட், லாயல்டி போனஸ் இரண்டும் கேட்டால்தான் வரும்.

யார்டில்

புக்கிங் தொகை சிறியதாக, டீலர்ஷிப் கணக்குக்கே போக வேண்டும், சேல்ஸ் எக்ஸிகியூட்டிவின் ஜிபேக்கு அல்ல. மீதிப் பணத்தைக் கட்டும் முன், இன்சூரன்ஸ் போடும் முன், பதியும் முன் காரைப் பார்க்க வேண்டும். பதிந்த பிறகு கீறல் கண்டுபிடித்தால் அது உங்கள் காரின் கீறல்.

பகல் வெளிச்சத்தில் போங்கள், கழுவி வைக்கச் சொல்லுங்கள். முதலில் சேஸிஸ் எண்ணின் 17 எழுத்தையும் தாளோடு ஒப்பிடுங்கள். தயாரிப்பு மாதம் ஃபார்ம் 21-ல் (விற்பனைச் சான்று) வரும், அதை முன்பே கேளுங்கள். அப்புறம் குனிந்து டயர் பக்கச் சுவரைப் பாருங்கள், நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். நான்கு டயரின் தேதியும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரைக்கும் அதே விதி. பம்பரின் நிறமும் பக்கத்துத் தகட்டின் நிறமும் வெயிலில் ஒன்றாகத் தெரிகிறதா, பானட் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா, பேட்டரி ஒரே தடவையில் கிளப்புகிறதா, ஓடோமீட்டர் என்ன காட்டுகிறது. டிஸ்க்கில் மெல்லிய துரு இருந்தால் பயப்பட வேண்டாம், நான்கு பிரேக்கில் போய்விடும். ரிம் விளிம்பில் தேய்த்த தடம் இருந்தால் விடாதீர்கள், யாரோ ஓட்டியிருக்கிறார்கள். குறை இருந்தால் வேறு கார் கேளுங்கள், "பாலிஷ் போட்டுத் தர்றோம் சார்" என்பதற்குத் தலையாட்ட வேண்டாம். சரியாக இருந்தால் அந்தச் சேஸிஸ் எண்ணை உங்கள் பெயருக்கு ஒதுக்கியதாக எழுதி வாங்கிய பிறகே பணம்.

கடைசியாக டிசிஎஸ். அந்த 1% செலவு இல்லை, வருமான வரி தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பில்லில் பான் எண் சரியாக இருக்கிறதா என்று டெலிவரி அன்றே, மாலை போட்டு போட்டோ எடுக்கும் முன்பே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பணம் வருமான வரித் துறையில் உங்கள் கணக்கில் ஏறாது, அப்புறம் ஷோரூம் அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான்.