பழைய போர் விமானப் பாகங்களைச் சேகரிப்பது எப்படி: எண் முதலில், கதை அப்புறம்

இரண்டாம் உலகப்போர் விமானத்தின் ஒரு துண்டாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் ஒன்று. விளம்பரத்தில் 'ஸ்பிட்ஃபயர்' (பிரிட்டனின் புகழ்பெற்ற போர் விமானம்) என்று போட்டிருப்பதை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டாலே விலை எகிறிவிடும். பாகத்தில் பொறித்திருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கதைகள் அங்கேயே அடிபட்டுப்போகும். பிரிட்டிஷ் விமானப்படையின் எண்முறை ஒழுங்கானது என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

1. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள்

ஒரு லென்ஸ், ஒரு டார்ச், ஒரு நோட்டு போதும். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் தாழப் பிடித்தால், பெயிண்டுக்கு அடியில் மங்கிக் கிடக்கும் எழுத்துகூட நிழலோடு எழும்பி நிற்கும்.

2. கிரீடத்தைப் பாருங்கள்

'ஏ.எம்.' என்ற எழுத்துகளும் மேலே ஒரு கிரீடமும் இருந்தால் அது பிரிட்டனின் விமான அமைச்சக முத்திரை. கிரீடத்தின் வளைவு மேலே உருண்டையாக இருந்தால் அரசர் காலத்தது. நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எலிசபெத் ராணி காலத்து முத்திரை, அதாவது போருக்குப் பிந்தையது. போர்க்காலப் பொருள் என்று சொல்லி இந்த இரண்டாவதை விற்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

3. கிடங்கு எண்ணைப் படியுங்கள்

கிடங்கு எண் என்பது விமானப்படைக் கிடங்கில் பொருளை இனம் காண வைத்த எண். 6ஏ என்று தொடங்கினால் காக்பிட் கருவி. 5சி என்றால் சுவிட்ச் போன்ற மின்சாமான். 22சி விமானிகளின் உடுப்பு, கண்ணாடி வகை. 10டி வானொலிச் சாமான்: லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் இருந்த ஆர்1155 ரிசீவரின் எண் 10டி/98. (போர் முடிந்ததும் இந்த ரிசீவர்கள் உபரியாக விற்கப்பட்டன. வாங்கிய வானொலி ஆர்வலர்கள் உள்ளே இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருப்பார்கள். கை படாத பெட்டி கிடைத்தால் விடாதீர்கள்.)

இந்த எண் பொருள் என்ன என்று சொல்லும், எந்த விமானத்தில் இருந்தது என்று சொல்லாது. வேகமானி, உயரமானி உள்ளிட்ட ஆறு கருவிகள் கொண்ட பலகை பல ரக விமானங்களுக்கும் பொதுவானது. ஆகவே 'ஸ்பிட்ஃபயர் உயரமானி' என்பது லங்காஸ்டரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

4. உடல்பகுதித் துண்டு என்றால் வரைபட எண்

இங்கேதான் சுவாரஸ்யம். ஒரு சின்ன அலுமினியத் தாங்கி கையில் இருக்கிறது என்று வையுங்கள். உரிந்த சாம்பல் பச்சைப் பெயிண்ட், இரண்டு ரிவெட், ஓரத்தில் உளுந்து அளவுக்கு ஒரு முத்திரை. அதில் 'சி.பி.ஏ.எஃப்.' என்றிருந்தால் ஸ்பிட்ஃபயர்களைக் கட்டிய காசில் பிராம்விச் தொழிற்சாலையின் பரிசோதகர் குத்தியது. பக்கத்தில் 300 என்று தொடங்கும் வரைபட எண் (பாகத்தின் வடிவமைப்புப் படத்துக்குத் தந்த எண்) இருந்தால் ஸ்பிட்ஃபயர் முதல் ரகத்துக்கு வரையப்பட்ட பாகம். 329 இரண்டாம் ரகம், 349 ஐந்தாம் ரகம், 361 ஒன்பதாம் ரகம்.

அதற்காக 300ஐப் பார்த்ததும் 1940இல் பறந்த விமானம் என்று துள்ள வேண்டாம். மாற்றத் தேவையில்லாத பாகங்கள் பழைய எண்ணோடேயே பிந்தைய ரகங்களிலும் போயின. எண் வடிவமைப்பின் வயதைத்தான் காட்டும்.

சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய மூன்று படைப்பிரிவுகள் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தன: 79, 234, 264. 1940இல் முறையே ஹரிகேன், ஸ்பிட்ஃபயர், டிஃபையன்ட் ரகப் போர் விமானங்களை ஓட்டினார்கள். 'மெட்ராஸ் பிரிவு விமானத்தின் பாகம்' என்று யாராவது சொன்னால் நம் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். ஆனால் உதிரிபாகத்தில் படைப்பிரிவு எண் பொதுவாக இருக்காது. விமானத்தின் வரிசை எண்ணும், அதோடு இந்தப் பாகத்தை இணைக்கும் காகிதமும் கேளுங்கள். இல்லையென்றால் சாதாரணப் பாகத்தின் விலைதான்.

5. ஒளிரும் டயலைத் திறக்காதீர்கள்

அந்தக் காலத்து டயல்களின் முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பெயிண்ட் இருக்கும். இப்போது பழுப்பேறி, இருட்டில் மினுங்காது. அதனால் வீரியம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். போனது மினுங்கும் பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. கண்ணாடி உடைந்த கருவியை வாங்கவே வேண்டாம். பெயிண்ட் தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் பெரிய ஆபத்து. நல்ல நிலையில் உள்ளதையும் படுக்கையறையில் வைக்காமல், காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழைய பெயிண்டைத் தேய்க்கவும் வேண்டாம், அதில் குரோமேட் என்ற நச்சுப்பொருள் இருக்கலாம். நண்பன்-பகை அறியும் வானொலிப் பெட்டிகளில் தன்னைத்தானே அழித்துக்கொள்ள வெடி வைத்திருந்தார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

6. விழுந்த இடத்தில் தோண்டாதீர்கள்

பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, விபத்தில் விழுந்த ராணுவ விமானம் எதுவானாலும் பாதுகாக்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சக உரிமம் இல்லாமல் கை வைப்பது குற்றம். உள்ளே விமானியின் உடல் எச்சம் இருக்கலாம். தோண்டியெடுத்த பாகம் என்று விற்றால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

7. சுத்தம்

மென்மையான பிரஷ், காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் காயவிடுதல். கம்பி பிரஷும் பாலிஷும் முத்திரையையும் மூலப் பெயிண்டையும் சேர்த்தே வழித்துவிடும். பிறகு எண்களைப் படமெடுத்து, விற்றவர் சொன்னதை 'விற்றவர் சொன்னது' என்றே குறித்து வையுங்கள்.

முதலில் வாங்க ஒரு 5சி சுவிட்ச் பெட்டி போதும். விலை குறைவு, ரேடியம் தடவாத பெட்டியாகத் தேர்ந்தெடுக்கலாம், எண் படித்துப் பழகவும் தோது.